ஊருக்குப் போகும் பையில் வேப் வைக்கலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கே பார்த்தாலும் டிக்கெட் பேச்சுதான். கல்யாணச் சேலை எடுக்கத் திருச்சி, நேர்த்திக்கடனுக்குப் பழனி, சும்மா சுற்றிவரத் தாய்லாந்தின் ஹட்யாய். வேப் (மின் சிகரெட்) இழுக்கும் பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால், பெட்டி கட்டும்போது அவன் கேட்பான்: இதை எந்தப் பையில் போடுவது?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விமானம் ஏற்றுமா என்பது ஒன்று. இறங்கும் நாடு உள்ளே விடுமா என்பது இன்னொன்று. விமானத்தைப் பொறுத்தவரை, கைப்பையில் வைத்தால் ஏற்றும். நாட்டைப் பொறுத்தவரை, நம்மவர்கள் அதிகம் போகும் இந்தியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றுமே விடாது. முதல் பதிலை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கேஎல்ஐஏ எனும் கோலாலம்பூர் விமான நிலையத்தின் ஸ்கேனரில் யாரும் நிறுத்தவில்லை என்பதால் திருச்சியிலும் நிறுத்த மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் விமான விதி. எல்லா விமான நிறுவனங்களும் பின்பற்றும் பொது விதிப்படி, வேப் கருவியைக் கவுண்டரில் எடை போட்டு அனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது. உங்களோடு கேபினுக்குள் வரும் பையிலோ சட்டைப் பையிலோதான் இருக்க வேண்டும். காரணம் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி. அடிபட்டாலோ ஷார்ட் ஆனாலோ அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லையும் பிடித்துக்கொள்ளும். சாமான் அறையில் தீயணைப்பு வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. கேபினில் என்றால் புகை வந்ததும் யாராவது பார்ப்பார்கள், பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள்.

பட்டன் உள்ள கருவியைப் பூட்டிவிடுங்கள். பல மாடல்களில் ஐந்து முறை தட்டினால் அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. தனிப் பேட்டரிகளைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் கொட்டி வைக்காதீர்கள். இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் போதும், தீப்பொறி வந்துவிடும். பார்மசியில் மாத்திரை வாங்கும் சின்னப் பிளாஸ்டிக் பை இதற்குப் போதும், ஒரு பேட்டரிக்கு ஒன்று.

பேட்டரி அளவு பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: வேப்பில் போடும் 3,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர்) பேட்டரி ஏறக்குறைய 11 வாட்-ஹவர்தான். பவர் பேங்க்தான் பார்க்க வேண்டியது. 20,000 எம்ஏஎச் என்றால் 74, தாராளமாகப் போகும். 30,000 என்றால் 111. 100-ஐத் தாண்டியதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். மலேசியா ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்கைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கவும் பறக்கும்போது பயன்படுத்தவும் விடுவதில்லை. வேப்பையும் விமானத்துக்குள் சார்ஜ் போடக்கூடாது. இழுக்கக்கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை, கழிவறையிலும்தான்.

வேப்பில் ஊற்றும் திரவமான ஜூஸ் இருக்கும் பாட்டில், திரவ விதியில் வரும். ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் போகக்கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் மூடக்கூடிய தெளிவான பையில் அடங்க வேண்டும். பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு, உள்ளே மிச்சம் எவ்வளவு என்பதல்ல. 120 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வாதாடினாலும் அது குப்பைத் தொட்டிக்குத்தான். கருவியில் ஜூஸ் நிற்கும் டேங்கையும் காலி செய்துவிடுங்கள். மேலே போனதும் கேபின் காற்றழுத்தம் குறைந்து, டேங்கில் இருக்கும் காற்று விரிந்து ஜூஸை வெளியே தள்ளும். பிசுபிசுவென்று கடப்பிதழ் முழுக்க மாம்பழ வாசனையோடு இமிகிரேஷனில் நிற்க நேரிடும்.

இன்னொன்று. ஏர்ஏசியாவில் கைச்சாமான் 7 கிலோதான். ஏறும் வாசலில் எடை கூடிவிட்டது, இடமில்லை என்று உங்கள் பையைக் கீழே அனுப்பச் சொன்னால், வேப், பேட்டரி, பவர் பேங்க் மூன்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் பாலிக்கோ லண்டனுக்கோ போகிறவருக்குப் பயன்படும். திருச்சி போகிறவருக்கு அல்ல.

இந்தியா 2019-இல் மின் சிகரெட் தடைச் சட்டம் கொண்டு வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்வது, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டும் ஐந்து லட்சமும். "விற்கவா போறேன், எனக்குத்தானே" என்ற பேச்சும் எடுபடாது. எந்த அளவில் வைத்திருந்தாலும் சட்டமீறல்தான் என்று இந்தியச் சுகாதார அமைச்சு 2023-இல் தெளிவாக்கிவிட்டது.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் கெடுபிடி கூடியிருக்கிறது: முதல் தடவை பிடிபடும் பெரியவருக்கு 700 சிங்கப்பூர் வெள்ளி, 18 வயதுக்குக் கீழ் 500. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த பொட் (வேப்பில் செருகும் ஜூஸ் குப்பி) என்றால் அது போதைப்பொருள் வழக்கு, பேச்சே வேறு. ஈப்போவில் ஸ்கூட் விமானம் ஏறி சிங்கப்பூரில் மாறித் திருச்சி போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பயணத்தில் தடை உள்ள இரண்டு நாடுகள். தாய்லாந்து 2014-லேயே இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. தண்டனை பத்தாண்டு சிறை வரை போகலாம். விமானத்தில் போனாலும் பாடாங் பெசார் வழியாகப் போனாலும் அதே சட்டம்தான்.

நமக்கே உரிய பழக்கம் ஒன்று இதில் மாட்டிவிடும். யாராவது ஊருக்குப் போகிறார் என்றால் தைலம், மைலோ, பிஸ்கட் என்று ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடுவோம். இப்போது அங்கிருக்கும் அக்காள் மகன் போன் போட்டு, "மாமா, அங்க வேப் மலிவாமே, நாலு டிஸ்போசபிள் வாங்கிட்டு வாங்க" என்கிறான். மாமாவும் பாசத்தில் தலையாட்டிவிடுகிறார். ஒன்று வைத்திருந்தால், எடுபடாவிட்டாலும், சொந்த உபயோகம் என்றாவது வாய் திறக்கலாம். பெட்டி பிரிக்காத நாலு இருந்தால் அது அப்பட்டமான இறக்குமதி. பெட்டிக்குச் சொந்தக்காரர் மாமாதான், மருமகன் இல்லை. பிறர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரு வாரம் நிகோடின் இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள் பார்மசியில் நிகோடின் பட்டை அல்லது சூயிங்கம் கேட்டு வாங்கலாம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் பட்டையாகவே வாங்குங்கள். அங்கே சூயிங்கம் கொண்டு போவதற்கும் பொதுவாகத் தடை உண்டு, மருந்துக்கான சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு, அந்த ஊர் அப்படி. பயணத்துக்குச் சில வாரங்கள் இருந்தால் அரசாங்க கிளினிக்கில் விசாரியுங்கள். புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு பல கிளினிக்குகளில் இருக்கிறது, வேப் இழுக்கிறவர்களும் போகலாம்.