தோற்றவர் ஏன் கலவரம் செய்வதில்லை?

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தேர்தல் முடிவு வந்த மறுநாள் எங்க ஊர் டீக்கடையில் ஜெயித்த கட்சிக்காரரும் தோற்ற கட்சிக்காரரும் ஒரே பெஞ்சில் வர்க்கி தின்றுகொண்டிருந்தார்கள். போன வாரம்வரை சட்டையைப் பிடிக்காத குறை. எப்படிங்க இது?"

நல்ல மனசு என்று சொல்லிவிடலாம். ஆனால் நல்ல மனசே தேவையில்லை, கணக்கே போதும் என்கிறார் போலந்தில் பிறந்த அரசியல் அறிஞர் ஆடம் ஷெவோர்ஸ்கி. கட்சிகள் தோற்கிற ஏற்பாடுதான் ஜனநாயகம் என்று 1991இல் எழுதியவர் அவர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆட்சியின் மதிப்பு 100. அடிதடியில் இறங்கினால் அதைப் பிடிக்கப் பாதி வாய்ப்பு, அதாவது 50. உயிர், சொத்து, வழக்கு என்று 20 போய்விடும், மிச்சம் 30. பேசாமல் இருந்தால்? அடுத்த முறை ஜெயிக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. ஐந்து வருடக் காத்திருப்புக்கு 5 கழித்தாலும் 35. சரி, டீ குடிக்கலாம்! இப்போது அந்த 40ஐ 10 ஆக்கிப் பாருங்கள். வாக்காளர் பட்டியலிலோ எண்ணிக்கையிலோ நம்பிக்கை போனால் இதுதான் நடக்கும். அதே மனிதர், அதே மனசு, ஆனால் பெஞ்ச் காலி.

தேயிலை விவசாயிக்கு இது புதிதல்ல. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டியதும் செடி வெறும் குச்சியாக நிற்கும், சில மாதம் பறிப்பே இருக்காது. துளிர் வரும் என்று தெரிந்ததால்தான் அவர் கத்தியையே எடுக்கிறார்.

நீலகிரி மக்களவைத் தொகுதியிலேயே 2014இல் ஆ. இராசா ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார்; 2019இல் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் திரும்பி வந்தார். 1977இல் இறங்கிய இந்திரா காந்தி 1980இல் மறுபடி பிரதமர். (ராகுகாலம் தவிர்த்துத்தான் எல்லோரும் வேட்புமனு போடுகிறார்கள். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் தோற்கிறார்கள்!)

அடிதடியில் இழப்பதற்கு நிறைய இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் உறுதியாகும். 1950 முதல் 1990 வரை ஷெவோர்ஸ்கி குழு பார்த்த நாடுகளில், 1975இன் அர்ஜென்டினாவைவிடத் தலா வருமானம் அதிகமாக இருந்த எந்த ஜனநாயகமும் கவிழவில்லை. இந்தியாவோ அந்த வருமானத்துக்குக் கிட்டக்கூட வராத 1977லேயே ஆட்சியைக் கைமாற்றிவிட்டது. இந்தக் கணக்குக்குள் நாம் அடங்கவில்லை. ஏன் என்று ஆராயப் பணம் கேட்டால், "இதெல்லாம் ஒரு அறிவியலா?" என்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அந்த டீக்கடை பெஞ்சிலேயே இரண்டு தேர்தல் காலம் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டிய கேள்வி இது.