இருண்ட ராக் பாலட்: அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

மெதுவான வேகம், மைனர் ஸ்கேல், காதோரம் பேசுவதுபோல் தொடங்கும் குரல், பாதியில் வெடித்துக் கிளம்பும் கிட்டார். இருண்ட ராக் பாலட் என்றதும் நினைவுக்கு வருவது இவைதான். இதில் அந்த இருட்டுக்கான முழுப் பெருமையையும் பலர் டிஸ்டார்ஷன் கிட்டாருக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பாட்டின் மிகச் சத்தமான இடத்தில் அந்தக் கிட்டார் பெரும்பாலும் மேஜரும் வாசிப்பதில்லை, மைனரும் வாசிப்பதில்லை. சோகத்தைச் சொல்லும் சுரம் அப்போது வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. அது யார் என்று முடிவு செய்வதில்தான் இந்த வகைப் பாட்டின் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

ஒரு கார்டை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, மைனர் ஆக்குவது அதன் மூன்றாம் சுரம். ஏ மைனரில் ஏ, சி, ஈ என்ற மூன்று சுரங்கள். நடுவிலுள்ள சியை அரைச்சுரம் ஏற்றினால் அதே கார்டு ஏ மேஜர் ஆகிவிடும். கர்நாடக இசைக் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

இப்போது இதை டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பிப் பார்ப்போம். பெடலோ ஆம்ப்போ அலையின் உச்சியை வெட்டும்போது, உள்ளே போன சுரங்களோடு நாம் வாசிக்காத சுரங்களும் சேர்ந்து வெளியே வருகின்றன. இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம், கூட்டுத்தொகை, ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் வருவது என்று அவை வரிசை கட்டும். ஏ 110 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே ஈ 164.8 ஹெர்ட்ஸ் என்று வாசித்தால் வித்தியாசம் 54.8. ஏவை இரட்டித்து ஈயைக் கழித்தால் 55.2. இரண்டுமே கிட்டத்தட்ட 55 ஹெர்ட்ஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஏ. யாரும் தொடாத ஒரு பேஸ் சுரம் தானாக முளைத்துக் கார்டைத் தாங்குகிறது. மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டு இப்படி ஏ, ஈ மட்டும் வாசிக்கும் பவர் கார்டின் பலம் இதுதான்.

ஈக்குப் பதிலாக 130.8 ஹெர்ட்ஸில் இருக்கும் சியை வாசித்தால் கதை மாறுகிறது. வித்தியாசம் 20.8 ஹெர்ட்ஸ், அது சுரமாகக் காதில் விழாது, உறுமலாகத்தான் உணரப்படும். ஏவை இரட்டித்துச் சியைக் கழித்தால் 89.2. எஃப் 87.3, எஃப் ஷார்ப் 92.5. இரண்டிலும் சேராமல் நடுவில் தொங்கும் ஒரு ஒலி அது. மைனர் கார்டை முழுசாக, தாழ்ந்த இடத்தில், அதிக கெயினில் (டிஸ்டார்ஷனைக் கூட்டி வைத்து) வாசித்தால் சேறு கலக்கியதுபோல் கேட்பதற்குக் காரணம் இந்த ஒட்டாத ஒலிகள்தான். கை தவறு செய்யவில்லை, கணக்கு அப்படி.

ஆகவே கோரஸில் கிட்டார் மூன்றாம் சுரத்தை விட்டுவிடுகிறது. அதைக் குரல் எடுத்துக்கொள்ளலாம், ஸ்ட்ரிங்ஸ் எடுத்துக்கொள்ளலாம், கீபோர்டு எடுத்துக்கொள்ளலாம். மூவரும் தவறவிட்டால் கோரஸ் கம்பீரமாக இருக்கும், ஆனால் சோகம் காணாமல் போயிருக்கும். டெமோக்களில் அடிக்கடி நடப்பது இது. பாடகர் கோரஸின் நீண்ட சுரத்தை ஏயிலோ ஈயிலோ நிறுத்துகிறாரா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பின்னணிக் குரலையாவது சியில் நிற்க வையுங்கள்.

1963ல் வந்த மெல்லோட்ரான் என்ற கீபோர்டு இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் அமைந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடாத் துண்டு. அதில் பதிவு செய்த வயலின் கூட்டத்தின் ஒலி. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். நிமிடத்துக்கு 70 பீட் வேகத்தில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் 3.43 விநாடி. ஆக இரண்டு பார் வரைதான் ஒரு கார்டைப் பிடித்து வைக்க முடியும். நாடாவின் ஓட்டம் சீராக இருக்காது. சுருதி லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் அதன் அழகு. இன்றைய மென்பொருளில் இந்த ஒலியைப் பயன்படுத்துபவர்கள் ஆட்டத்தை அணைத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண ஸ்ட்ரிங்ஸ் மட்டுமே.

பாட்டின் அமைதியான முன்பகுதியில் கிட்டார் டிஸ்டார்ஷன் இல்லாமல் இருப்பதால் மூன்றாம் சுரத்தைத் தாராளமாக வாசிக்கலாம். அங்கே அதைக் கூர்மையாக்க ஒரு வழி உண்டு. ஏ மைனரோடு பியைச் சேர்ப்பது. ஐந்தாம் கம்பி ஓப்பன், நான்காவதில் 2ஆம் ஃப்ரெட், மூன்றாவதில் 4ஆம் ஃப்ரெட், இரண்டாவதில் 1ஆம் ஃப்ரெட், முதல் கம்பி ஓப்பன். சுண்டுவிரலை நன்றாக நீட்ட வேண்டியிருக்கும். இதில் மூன்றாம் கம்பியின் பி 246.9 ஹெர்ட்ஸ், இரண்டாம் கம்பியின் சி 261.6 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை ஒலி ஏறி இறங்குகிறது. ஒரு நடுக்கம் போல அது கேட்கும். ஒவ்வொரு கம்பியாக மீட்டி, எதையும் அணைக்காமல் ஒலிக்க விடுவது அவசியம். விரல் சாய்ந்து பக்கத்துக் கம்பியில் பட்டால் அந்த நடுக்கமே வராது.

அடியில் பேஸ் என்ன செய்கிறது என்பது இன்னும் பழைய விஷயம். ஏ, ஜி, எஃப், ஈ என்று படிப்படியாக இறங்கும் நான்கு சுரங்கள், நடபைரவியில் ஸ நி த ப. 1638ல் அச்சான மான்டெவெர்டியின் ஒரு புலம்பல் பாடலில் இதே நான்கு சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, மேலே பெண் குரல் அழுகிறது. ராக் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஈயில் வந்து நிற்கும்போது அதன்மேல் ஈ மேஜர் கார்டை வைத்தால் அதிலுள்ள ஜி ஷார்ப் மீண்டும் ஏவை நோக்கி இழுக்கும். ஈ மைனர் வைத்தால் இழுப்பு தளர்ந்து பாட்டு சோர்ந்து விழும். இரண்டும் சரிதான், ஆனால் வரிகள் எதைக் கேட்கின்றன என்று யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிட்டார் கம்பிகளின் சுருதியை இறக்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. பர்மிங்காமைச் சேர்ந்த பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 1965ல் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. கம்பி தளர்ந்தால் வலி குறையும். 1971 வாக்கில் மூன்று அரைச்சுரம் வரை இறக்கிவிட்டார். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஈயிலிருந்து சி ஷார்ப்புக்கு இறங்கினால் இழுவிசை சுமார் 29 சதவீதம் குறைகிறது.

அந்தத் தளர்ச்சிக்கு விலையும் உண்டு. தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் அது நீண்டு, சுருதி முதலில் மேலே போய்ப் பிறகு இறங்கும். எல்லாக் கம்பியையும் ஒரு முழுச்சுரம் இறக்குபவர்கள் 10–46 கனக் கம்பிகளுக்குப் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) பதிலாக 11–52 போட்டால் பழைய இழுவிசை ஏறக்குறைய திரும்பிவிடும். மாற்றிய பிறகு இன்டோனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்கிறதா என்பதை, சரிபார்க்காமல் ரெக்கார்டிங்குக்குப் போக வேண்டாம்.

டிரம்ஸில் ஸ்னேர் 2, 4ஆம் பீட்டுகளில் விழாமல் 3இல் மட்டும் விழுவது வழக்கம். 70 பீட் வேகத்தில் ஒரு ஸ்னேர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 3.43 விநாடி இடைவெளி. அந்த வெற்றிடத்தை நிரப்புவது ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலி. அதன் நீளத்தை 2.5 விநாடி அளவில் வைத்தால் ஒரு அடியின் எதிரொலி அடங்கிச் சற்று மௌனம் வந்தபின் அடுத்த அடி விழும். 5 விநாடி வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மௌனமே இருக்காது. இதற்கு நேரெதிரான வழியும் ஒன்று உண்டு. பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது, கலைஞர்கள் பேசுவதைக் கேட்பதற்கான மைக்கின் கடுமையான கம்ப்ரஸர் (சத்த வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி) வழியாக அந்த ஒலி கேட்டது. பொறியாளர் ஹ்யூ பேட்காம் அதைப் பிடித்துக்கொண்டு, பெரிய அறையின் முழக்கத்தை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும் ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட் வைத்துச் சட்டென்று துண்டித்தார். ஒலி வந்து மோதி, அடங்காமலேயே மறைகிறது. அதில் ஒரு அச்சம் இருக்கிறது.

குரலுக்கான ரிவெர்ப்பில் பிரீ-டிலே முக்கியம். 50 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாமதித்தால் சொல் முதலில் தெளிவாகக் காதில் விழும், பிறகே அறை விரியும். ரிவெர்ப்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸும் கிட்டாரும் இருக்கும் இடத்தில் புகை மண்டிவிடும். சரணத்தில் பாடகர் கார்டியாய்ட் மைக்குக்கு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் மைக்) 5 முதல் 10 சென்டிமீட்டர் நெருக்கத்தில் பாடினால் தாழ்ந்த அதிர்வெண்கள் தானாகப் பெருகும். அந்த நெருக்கத்தில் ப என்ற எழுத்து மைக்கில் வெடிக்கும் என்பதால் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, பாப் ஃபில்டரும் வைக்க வேண்டும்.

கோரஸின் அகலத்துக்கு ஒரே பகுதியைத் தனித்தனியாக இரண்டு முறை வாசித்து இடது, வலது ஓரங்களில் வைப்பார்கள். ஒரே டேக்கை நகலெடுத்து வைத்தால் அகலம் வராது. நகலை 10 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் அகலம்போல் தோன்றும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும்.

கடைசியில் பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் லிமிட்டர்தான், அதாவது ஒலியின் உச்சத்தை அமுக்கி மொத்தச் சத்தத்தைத் தூக்க உதவும் கருவி. சரணத்தையும் கோரஸையும் ஒரே சத்தத்துக்குத் தூக்கிவிட்டால் வெடிக்க வேண்டிய இடம் வெடிக்காது. 4 முதல் 6 டெசிபெல் வித்தியாசத்தை விட்டு வையுங்கள். அதோடு, 55 ஹெர்ட்ஸ் ஏவைக் கைபேசியின் ஸ்பீக்கரால் தர முடியாது. பேஸுக்கு லேசான டிஸ்டார்ஷன் கொடுத்தால் 110, 165, 220 என்று அதன் மடங்குகள் எழும்பும். அவற்றைக் கேட்டு, ஸ்பீக்கரில் வராத 55ஐ மூளையே நிரப்பிக்கொள்ளும். இறங்கும் அந்த நான்கு சுரங்கள் சின்ன ஸ்பீக்கரிலும் பிடிபடுகின்றனவா என்று, ஒலியை நன்றாகக் குறைத்து வைத்துச் சோதியுங்கள்.