முதல் பிரசவத்தின் காகிதங்கள் எங்கே?

கம்பத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம் மெட்டு ஏறி வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறங்குவார்கள். அதனால் என் கிளினிக்குக்கு அவர்கள் வருவது ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான், காய் எடுத்த கறை கையில் இருக்கும்போதே.

அப்படி வந்த ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பெண்ணின் கதை போல இருந்தாலும் இதில் நாலைந்து பேர் கலந்திருக்கிறார்கள்.

பிறந்த வீடு கம்பம் பக்கம், வாக்கப்பட்டது மலை மேலே, கேரளத்தில். மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது.

"அத்தை அடுத்த புள்ளைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க டாக்டரம்மா. எனக்குப் பயமா இருக்கு. மறுபடியும் அப்படியே ஆயிருமா?"

"போன தடவை என்னம்மா ஆச்சு?"

"ஜன்னி வந்துருச்சுன்னாங்க. நான் கண்ணு முழிக்கையில ஆபரேஷன் பண்ணிப் புள்ளைய எடுத்திருந்தாங்க."

அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று வருடமாக அந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் பயந்திருக்கிறார். காரணங்கள் மட்டும் வீட்டில் நிறைய இருந்தன. அம்மாவைக் கேட்டால் உச்சி வேளையில் தனியாகப் போனதில் காத்துப்பட்டுவிட்டது. மாமியாரைக் கேட்டால் இரும்புச்சத்து மாத்திரையின் சூடு. அவரே தனக்குள் வைத்திருந்த காரணம் வேறு: ஏழாம் மாதம் வரை ஜீப்பில் வேலைக்குப் போனது. அந்தக் குலுங்கலில்தான் எல்லாம் கெட்டது என்று நம்பியிருந்தார்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றிய பயத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பழைய பிரசவத்தின் காகிதங்களைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எது இருந்தாலும் சரி. அவர் ஜவுளிக்கடைப் பையில் கொண்டுவந்ததில் குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்தது, குழந்தை இன்குபேட்டரில் இருந்த நாட்களின் ரசீதுகள் இருந்தன. தாய்க்கு என்ன ஆனது என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. இது எனக்குப் பழகிப்போன காட்சி. குழந்தையின் அட்டை பீரோவுக்குள் போகும், தாயின் காகிதம் எங்கேயோ போகும்.

இதில் நம் ஊர் வழக்கத்துக்கும் பங்கு உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில், அடுத்தது பெரும்பாலும் புகுந்த வீட்டில். முதல் தடவை கூடவே நின்ற அம்மா இரண்டாவது தடவை பக்கத்தில் இருக்க மாட்டார். இரண்டாவது தடவை கையெழுத்துப் போடப்போகிற மாமியாருக்கு முதல் தடவை நடந்தது அரைகுறையாகத்தான் தெரியும். எல்லையோரத்தில் இன்னும் சிக்கல். கர்ப்ப அட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழில், அந்தப் பக்கம் மலையாளத்தில். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற பிக்மி எண் இந்தப் பக்கம், ஆஷா என்கிற ஊர்ச் சுகாதாரப் பணியாளரின் பதிவேடு அந்தப் பக்கம். நடுவில் இருப்பது அந்தப் பெண்ணின் ஞாபகம் மட்டும். வலிப்பு வந்து மயங்கிக் கிடந்தவருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்கே போய் மருத்துவ ஆவணப் பிரிவில் எழுதிக் கேளுங்கள் என்று அனுப்பினேன். உள்நோயாளி எண்ணும் சேர்ந்த தேதியும் இருந்தால் தேடுவது சுலபம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று வருடம் தாண்டினால் கிடைக்காமலே போகலாம். அவருக்குச் சில வாரங்களே பாக்கி இருந்தன. கிடைத்தது.

வாசித்துச் சொன்னேன். 33ஆம் வாரம். ரத்த அழுத்தம் 170/110. சிறுநீரில் புரதம். ஒருமுறை வலிப்பு, அதற்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டி அறுவைச் சிகிச்சை. குழந்தை 1.6 கிலோ. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

"அப்ப ஜீப்புல போனதால இல்லையா?" என்று கேட்டுவிட்டு அழுதார். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜீப்பால் இல்லை. ஊரில் ஜன்னி என்று சொல்வதை நாங்கள் எக்லாம்ப்சியா என்போம். வலிப்பு வருவதற்கு முந்தைய நிலை ப்ரீஎக்லாம்ப்சியா. 20ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போவதோ ஈரல், சிறுநீரகம் போன்றவை பாதிக்கப்படுவதோ அதன் அடையாளம். அதன் வேர் கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே இருக்கிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்களுக்குள் இறங்கி அவற்றை அகலமாக்கிக்கொள்ள வேண்டும், செடி வேர் பிடிக்கிற மாதிரி. சிலருக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. குழாய்கள் குறுகலாகவே நின்றுவிட, நஞ்சுக்கொடியிலிருந்து வெளிப்படும் சில பொருட்கள் தாயின் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. தலைவலியும் முகவீக்கமும் வெளியே தெரியும்போது விஷயம் தொடங்கி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். மாத்திரைச் சூடோ காத்தோ இதில் எங்கும் வருவதில்லை. (தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது. அது தனிக் கதை.)

சரி, மறுபடியும் வருமா? ஒருமுறை ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வருகிறது. ஆறில் ஐந்து பேருக்கு வருவதில்லை. ஆனால் 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகியிருந்தால் கணக்கு மூன்றில் ஒருவர் என்று ஏறுகிறது. இவர் அந்த இரண்டாவது கூட்டம். அதை மறைக்கவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இரு" என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் இளம் வயதில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு அந்த ராத்திரி மட்டும் நிம்மதி. எண்ணைச் சொன்னால் அதை வைத்துத் திட்டம் போடலாம்.

திட்டம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நாள் தள்ளிப்போய் மூன்றாம் மாதத்தில் வந்து நிற்பவர்களிடம் நான் கொஞ்சம் கோபப்படுவதுண்டு, ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே வந்தால் இப்போதைய ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்துவிடலாம். பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் இறங்காமல் மாத்திரையிலேயே இருக்கிற பெண்கள் உண்டு. அவர்கள் விழுங்குவது எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகையாக இருந்தால் கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆகாது. லாபெட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவது மருத்துவர் வேலை, தானாக நிறுத்தினால் அது வேறு ஆபத்து. ஃபோலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை. இடைவெளி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம். வயிற்றில் தையல் போட்டவர்களிடம் இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

கர்ப்பம் உறுதியான பிறகு ஆஸ்பிரின். மாரடைப்புக்குத் தருகிற அதே மாத்திரைதான், சின்ன அளவில். மருந்துக்கடையில் கேட்டு "கர்ப்பிணிக்கு இதையா கொடுக்கறாங்க?" என்று பயந்து திரும்பியவர்கள் உண்டு. 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36ஆம் வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவத்தில் முடிகிற ப்ரீஎக்லாம்ப்சியா பாதிக்கு மேல் குறைந்தது. நஞ்சுக்கொடி வேர் பிடிக்கிற காலத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதால் 16ஆம் வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஏழாம் மாதம் பிரஷர் ஏறிய பிறகு தொடங்கிப் பெரிய பலன் இல்லை. ஆஸ்துமா, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆகவே யாருடைய சீட்டையும் பார்த்துத் தானாக வாங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற கால்சியத்தையும் விட்டுவிடாதீர்கள். கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் பிரஷரைத் தடுக்க உதவுகிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து மட்டும் விழுங்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

வீட்டில் ஒரு பிரஷர் கருவி. கையில் பட்டை சுற்றுகிற வகை, மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆசுவாசமான பிறகு பார்த்து நோட்டில் எழுத வேண்டும். 140/90 வந்தால் அன்றே போன், 160/110 வந்தால் போன்கூட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. விடாத தலைவலி, கண் மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. கால் வீக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரணம்தான். அதற்குத்தான் எல்லோரும் பதறுவார்கள், தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

மலை மேல் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மழைக்காலத்தில் குமுளிச் சாலையில் மண் சரிந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கடைசி ஒன்றிரண்டு மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க ஒரு வீடு வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது. ஆண்டிபட்டியில் சித்தி வீடு இருந்தால் அங்கே போய் இருங்கள் என்பேன். இந்த ஒரு விஷயத்தில் தாய் வீடா மாமியார் வீடா என்கிற பேச்சுக்கே இடமில்லை, ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும் எது பக்கமோ அது.

பயம் எல்லோருக்கும் பிரஷரால் வருவதில்லை. முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதால் மட்டும் பயப்படுகிறவர்களிடம் நான் கேட்பது கர்ப்பப்பையில் எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்பதை. வெளித்தோலின் தழும்பு அதைச் சொல்லாது, காகிதம்தான் சொல்லும். கீழே குறுக்கு வெட்டாக இருந்து வேறு சிக்கல் இல்லையென்றால் அடுத்தது சுகப்பிரசவத்துக்கு முயலலாம், நான்கில் மூன்று பேருக்கு நடக்கும். பழைய தையல் விட்டுப்போகிற ஆபத்து இருநூறில் ஒன்று, ஆகவே முயல வேண்டியது நினைத்த நேரத்தில் ஆபரேஷன் செய்யக்கூடிய இடத்தில் மட்டும். மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் மறுபடி ஆபரேஷன்தான். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கு மறுபடி வர நல்ல வாய்ப்பு உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை முதல் வருகையிலேயே செய்துவிட வேண்டும். நெகட்டிவ் ரத்த வகைக்காரர்கள், போன தடவை பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள், அடுத்த குழந்தைக்குப் பாதுகாப்பான ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒன்றும் உண்டு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பது, ஆஸ்பத்திரி வாசனை பட்டால் குமட்டுவது, கணவரைக் கிட்டே சேர்க்காமல் இருப்பது. இதைத் திமிர் என்றும் நடிப்பு என்றும் வீட்டில் சொல்வார்கள். செத்துப் பிழைத்த ஒருவருக்கு மனம் இப்படிக் காயப்படும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் இலவசமாகப் பேசலாம். அன்று சுவரைப் பார்த்து நின்ற கணவர் பிறகு தனியாக வந்து, வலிப்பு வந்தபோது மனைவியின் வாயில் கரண்டியை வைத்து அழுத்தியதைச் சொன்னார். பல் உடைந்திருக்கிறது. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. (வலிப்பு வந்தால் வாயில் எதையும் வைக்கக் கூடாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும்.)

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவும் செஞ்சா நல்லபடியாப் பொறக்குமா?" என்றார் மாமியார். வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் பெற வேண்டுமா என்பதை உங்கள் மருமகள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு வருஷம் போகட்டும் டாக்டரம்மா. இந்த சீசன் காய் முடியட்டும்" என்றார். அதுவரைக்குக் காப்பர்-டி போட்டுவிட்டேன். அன்றைக்கு அவருடைய பிரஷர் 136/88. மூன்று வருடத்தில் யாரும் பார்க்காத பிரஷர். மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். ஜீப்பிலிருந்து இறங்கினதும் நேரே வந்துவிடுகிறார், காகிதங்கள் இருந்த அதே ஜவுளிக்கடைப் பையோடு.