எடையை மட்டும் கேட்கும் இன்சுலின் பம்ப்

முதல் வகை நீரிழிவு உள்ளவரின் கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதற்கு எத்தனை யூனிட் போடுவது, முன்பு போட்ட மருந்தில் இன்னும் எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நாள் முழுவதும் அவரே கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கின் பெரும்பகுதியைத் தானியங்கி இன்சுலின் கருவி ஏற்றுக்கொள்கிறது. தோலுக்கடியில் உள்ள சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குளுக்கோஸை அளந்து சொல்லும். கணினி நிரல் அளவை முடிவு செய்யும். பம்ப் இன்சுலினைச் செலுத்தும்.

கேட்க எளிதாக இருந்தாலும் இதில் காலதாமதம் என்ற பெரிய சிக்கல் உண்டு. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, திசுநீரை. அது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கும். தோலுக்கடியில் செலுத்திய இன்சுலினோ உச்சத்தை எட்டவே ஒரு மணி நேரம் போலாகிறது. அதன் விளைவு மேலும் சில மணி நேரம் நீடிக்கிறது. இப்போதைய சர்க்கரை அளவை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் பிறகு சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். எனவே நிரல் வரப்போகும் அளவைக் கணிக்கிறது. உடலில் மிச்சமிருக்கும் இன்சுலினையும் கழித்துக்கொள்கிறது. பெரும்பாலான கருவிகளில் சாப்பிடுவதை நாமே தெரிவிக்க வேண்டியிருப்பதும் இந்தத் தாமதத்தால்தான்.

இத்தகைய முதல் கருவிக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. ஆனால் நாள் முழுவதும் செல்லும் அடிப்படை அளவு, உணவுக்கேற்ற இன்சுலின் விகிதம், உயர்ந்த சர்க்கரையை இறக்கும் திருத்த அளவு என்று பலவற்றை நிபுணர் ஒருவர் அமைத்துத் தர வேண்டியிருந்தது. அந்நாட்டில் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். கிராமப்புற நோயாளிக்கு எட்டுபவர் குடும்ப மருத்துவர். அவருக்கோ இந்த அமைப்புகளில் பழக்கம் குறைவு.

2023இல் அனுமதி பெற்ற ஐலெட் கருவி இந்தத் தடையைத் தகர்க்கிறது என்பேன். கைக்குழந்தையாக இருந்தபோதே தன் மகனுக்கு முதல் வகை நீரிழிவு வந்ததால், பாஸ்டன் பல்கலைக்கழகப் பொறியியலாளர் எட் டமியானோ தொடங்கிய ஆய்வில் பிறந்தது அது. தொடங்குவதற்கு உடல் எடையைச் சொன்னால் போதும். சாப்பிடும்போது கிராம் கணக்கு வேண்டாம்; வழக்கமான அளவா, கூடவா, குறைவா என்று தெரிவித்தால் போதும். வழக்கமான காலையுணவுக்குப் பிறகு சர்க்கரை உயர்ந்தே இருந்தால், அடுத்த காலைகளில் தானே அளவைக் கூட்டிக்கொள்ளும். 2022இல் வெளியான 13 வாரச் சோதனையில், இதைப் பயன்படுத்தியவர்களின் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.9இலிருந்து 7.3 சதவீதமாக இறங்கியது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.7 சதவீதம் அப்படியே நின்றது. கிராம் கணக்கில் ஏற்கெனவே தேர்ந்து, நல்ல கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு இது பெரிய லாபம் தராமல் போகலாம்.

மாற்றி அமைக்க அதிகம் இல்லாததால், மருத்துவரின் வேலையே மாறுகிறது. கருவியின் பதிவுகள் இணையம் வழியாக அவருடைய திரைக்கு வந்துவிடும். உணவைத் தெரிவிக்க மறந்த நாள்கள் எவை, பம்பின் குழாயை நோயாளி உரிய நாளில் மாற்றினாரா, சர்க்கரை 70 முதல் 180 வரை எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் காணொளி அழைப்பிலேயே பேசிவிடலாம்.

ஓர் ஆபத்தை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. பம்பில் இருப்பது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. நீண்ட நேர இன்சுலின் கையிருப்பு உடலில் இல்லை. குழாய் மடங்கினாலோ கழன்றாலோ சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கீட்டோனைச் சோதிப்பது, ஊசியால் இன்சுலின் போட்டுக்கொள்வது, குழாயை மாற்றுவது ஆகிய மூன்றையும் நோயாளி தன் கையால் செய்து காட்டிய பிறகே குடும்ப மருத்துவர் பம்பை இயக்க அனுமதிக்க வேண்டும். அதற்கும் காணொளி அழைப்பே போதும்.