பதிப்புரிமைச் சான்றிதழில் பெயர் தப்பாக இருந்தால்

இனிஷியல் நம் ஊருக்கே உரிய தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் பின்னால் நிற்கும், பான் கார்டில் முழுசாக இருக்கும், புத்தக அட்டையில் ஒற்றை எழுத்தாகக் குறுகிவிடும். போதாக்குறைக்கு ழகரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். இதையெல்லாம் தாண்டி, டெல்லி துவாரகாவில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த சான்றிதழில் எழிலரசி ‘எலிலரசி’ ஆகியிருந்தால் என்ன செய்வது?

முதலில், பதற வேண்டாம். படைப்பு உருவானதுமே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமே இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, பதிவேட்டில் உள்ள விவரம் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்று, அதாவது யாராவது தவறென்று நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்று, அவ்வளவுதான். ஓர் எழுத்து மாறியதால் எழிலரசியின் உரிமை எங்கும் போய்விடாது. ஆனால் வழக்கென்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நோண்டுவது அந்த எழுத்தைத்தான். திருத்திவிடுவதே நல்லது.

பெயர், முகவரி, மற்ற விவரங்களில் நேர்ந்த பிழை, கைதவறல், விடுபாடு ஆகியவற்றைப் பதிவாளரே திருத்தலாம். இது 49ஆம் பிரிவு. அவர் தாமாகவும் செய்யலாம், நீங்கள் கேட்டும் செய்யலாம். திருத்தத்தால் இன்னொருவர் பாதிக்கப்படுவார் என்றால், கூடுமானவரை அவருக்கும் மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். பதிவு எண், தேதி, ‘இப்படி இருக்கிறது, இப்படி இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி, கூடவே அடையாளச் சான்று: இவ்வளவும் தெளிவாக இருந்தால் வேலை சுலபம்.

பதிந்த அன்று சரியாக இருந்து, பிறகு நிலைமை மாறிப்போனால் அது வேறு கணக்கு. அதற்கு 2013ஆம் ஆண்டு விதிகளில் உள்ள படிவம் 15. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கவிதைகளைக் கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே ‘வெளியிடப்படாதது’ என்று பதிந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் அச்சாகிறது. பதிவேடோ பழையபடியே கிடக்கிறது. முதலில் வெளியான ஆண்டு, நாடு, பதிப்பாளர் பெயர், முகவரி எல்லாம் படிவம் 15 வழியாக ஏற வேண்டியவை. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 200 ரூபாய். ஊறுகாய் பாட்டில் லேபிள் போலப் பொருளோடு சேர்ந்து விற்கும் ஓவியம் என்றால் 1,000. உரிமையை விற்று, அந்த மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமென்றால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு உரிமை மாற்றம் சட்டத்தில் செல்லாது.

இன்னொன்று: மாற்றக்கூடியவை பதிவேட்டின் விவரங்கள்தான், படைப்பு அல்ல. நாவலில் புதிதாக நான்கு அத்தியாயம் சேர்த்துவிட்டு படிவம் 15 போட்டால் பயனில்லை. அதைத் தனியாகப் பதிய வேண்டும், கட்டணம் 500.

சரி, உங்கள் படைப்பை வேறொருவர் தன் பெயரில் பதிந்துவைத்திருந்தால்? இது எழுத்துப்பிழை விவகாரம் இல்லை. 50ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முன்பு இது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திடம் இருந்தது. 2021இல் வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். பதிவேட்டில் பொய்ப் பதிவு செய்தவருக்கு 67ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

திருத்தம் கேட்டுப் பதிவாளர் மறுத்து உத்தரவு போட்டாலும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கெடு, உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதம்.