முன்பாரம், பின்பாரம்: பிக்கப் வண்டிக்கு எத்தனை அடி பாடி?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புது பிக்கப் எடுக்கப் போகிறேன். ஏழடி பாடியா, பத்தடி பாடியா? எஸ்.ஜே.பி. ரோட்டிலிருந்து பைப் ஏற்றி வருவதுதான் முக்கால்வாசி வேலை. கடை இருக்கிற சந்தோ ரொம்பக் குறுகல்."

பைப்பின் நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்தடி என்றால் 3.05 மீட்டர், அதனால் பின்கதவை மூடியே கொண்டு வரலாம். ஏழடியில் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. இதெல்லாம் அவருக்கே தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்த விஷயம் பாடிக்கு அடியில் இருக்கிறது.

என் தாத்தாவிடம் மாட்டுவண்டி இருந்தது. மூட்டை ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கை வலிக்கிற அளவு கனத்தால் முன்பாரம், மாட்டின் கழுத்தில் உட்காரும். தொட்டதும் மேலே எழும்பினால் பின்பாரம். மேட்டில் ஏறும்போது நுகம் தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கிவிடும். "ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னால தள்ளு" என்பார். அவ்வளவுதான், நுகம் சொன்னபடி கேட்கும். மூட்டைகளின் மொத்த எடை மாறவில்லை. அச்சுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் மாறியது. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் இதேதான்.

பிக்கப்பில் மாட்டின் இடத்தில் முன்சக்கரங்கள் இருக்கின்றன. பின்அச்சுதான் தாங்குபுள்ளி. ஏழடி வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2 மீட்டர், பின்அச்சு பாடியின் முன்சுவரிலிருந்து 1.3 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் பைப்பின் எடை மையம் நட்டநடுவில், அதாவது 1.5 மீட்டரில். அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால். 600 கிலோ பைப் ஏற்றினால் முன்சக்கரத்துக்கு வரும் பாரம் 600 × 0.2 ÷ 2, அதாவது 60 கிலோ குறைகிறது. பின்அச்சு 660 கிலோ கூடுதலாகத் தாங்குகிறது! ஏற்றியது 600, தாங்குவது 660. அந்த 60 கிலோ வண்டியின் சொந்த எடை. முன்னாலிருந்து எழும்பிப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அதே பைப்பைப் பத்தடி வண்டியில் ஏற்றுவோம். சக்கர இடைவெளி 3 மீட்டர், பின்அச்சு முன்சுவரிலிருந்து 2 மீட்டரில். பைப்பின் நடுமையம் இப்போது அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வந்துவிட்டது. முன்சக்கரத்துக்கு 100 கிலோ கூடுகிறது, பின்அச்சுக்கு 500 போதும். ஒரே பைப், ஒரே எடை. ஒரு வண்டியின் மூக்கைத் தூக்குகிறது, இன்னொன்றின் மூக்கை அழுத்துகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் கை ஞாபகம் வருகிறது.

மூக்கு தூக்கினால் ஸ்டியரிங் லேசாகும், முன்டயர் ரோட்டைப் பிடிக்காது. பிரேக்கில் பெரும் பங்கு முன்சக்கரங்களுடையது, அதுவும் குறையும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மேம்பாலத்தில் ஏறும்போது இன்னும் மோசம், சரிவில் பாரம் மேலும் பின்னால் சாயும்.

எங்கள் பகுதியில் ஏற்றத்தோடு ஒரு திருப்பம் இருக்கிறது. பைப் நீட்டிக்கொண்டு வந்த ஒரு வண்டி அங்கே திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அந்த முக்கில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்தார்கள். பயந்த மனதுக்கு அது ஆறுதல் தரலாம். ஆனால் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டால் நாளைக்கு இன்னொரு டிரைவர் அதே சுவரில்தான் மோதுவார். மொத்த விற்பனை மார்க்கெட்டுகளின் வாசலில் முன்அச்சையும் பின்அச்சையும் தனித்தனியாக எடை போடும் பலகை வைப்பதற்கு மாநகராட்சி பணம் ஒதுக்க வேண்டும். பொறியியல் மாணவர்களுக்கு அதைவிட நல்ல புராஜெக்ட் எது?

சரி, நீள வண்டிக்குக் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் உங்கள் சந்திலேயே. வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். முன்சக்கரம் 6 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், 2 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியின் பின்சக்கரம் 34 சென்டிமீட்டர் உள்ளே வரும். 3 மீட்டர் இடைவெளி என்றால் 80 சென்டிமீட்டர். ஒன்றரை மடங்கு இடைவெளிக்கு இரண்டு மடங்குக்கும் மேலான வெட்டு. முக்கில் நிற்கும் ஸ்கூட்டரின் கதி அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஏழடி வண்டியை வாங்கி, பட்டறையில் பின்பக்கம் மட்டும் மூன்றடி இழுத்துப் பத்தடியாக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சக்கரம் பழைய இடத்திலேயே இருக்கும், பாரம் மட்டும் பின்னால் போகும். முழுக்க முழுக்கப் பின்பாரம்.

என்னைக் கேட்டால், சந்து முக்கில் அந்த 80 சென்டிமீட்டர் கிடைக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். கிடைத்தால் கம்பெனியிலேயே சக்கர இடைவெளியும் சேர்த்து நீட்டிய பத்தடி வண்டி. கிடைக்காவிட்டால் ஏழடி எடுத்துக்கொண்டு, பைப்பை இரண்டாக வெட்டி ஏற்றுங்கள், அல்லது பெரிய வண்டியில் முக்கு வரை வரவழைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமுக்குப் போகும்போது டேப் எடுத்துப் போய், முன்சுவரிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை அளந்து பாருங்கள். உங்கள் பைப்பில் பாதி, அதாவது 1.5 மீட்டரை விட அது கூடுதலாக இருக்க வேண்டும்.

வண்டி வந்து முதல் லோடு ஏற்றியதும் எடைமேடைக்காரரிடம் சொல்லி, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். காலி வண்டிக்கும் அப்படியே ஒன்று. லோடு சீட்டில் எண் குறைந்திருந்தால், கட்டை அவிழ்த்துப் பாரத்தை ஒரு சாண் முன்னால் தள்ளுங்கள்.