ஹேங்கர் என்கிற கொட்டாய்

போன மாதம் வேலூர் லாங் பஜாரில் ஒரு ஃபிரேம் கடைக்குப் போயிருந்தேன். கையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. முன்வரிசையில் நாற்காலி போட்டு அதிகாரிகள், பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் நாங்கள், எல்லாருக்கும் பின்னால் வாயைத் திறந்தபடி ஒரு பெரிய தகரக் கட்டடம். விளிம்பெல்லாம் பொரிந்துகொண்டு வந்ததால் கண்ணாடி போட்டுவிடலாம் என்று எடுத்துப் போனேன். படத்தின் முதுகில் என் கையெழுத்து, பென்சிலில்: ‘ஹேங்கர் முன்னால், 1970’. கடைப் பையன் அதைப் படித்துவிட்டுப் படத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். “எங்க சார் ஹேங்கர்? சட்டை எதுவும் மாட்டின மாதிரி தெரியலையே” என்றான்.

அவன் மேல் தப்பில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். சட்டை மாட்டுகிற ஹேங்கருக்கு ஆங்கிலத்தில் கடைசி ஆருக்கு முன் ‘ஈ’ வரும். விமானம் நிற்கிற ஹேங்கருக்கு ‘ஏ’ வரும். நம் எழுத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இரண்டாவதையும் ‘தொங்குதல்’ என்ற பொருளில் வைத்து, கூரையிலிருந்து சங்கிலி போட்டு விமானத்தைத் தொங்கவிடுகிற இடம் என்று விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பத்தாண்டுக்கு மேல் அதற்குள்ளேயே புரண்டவன் நான். ஒரு விமானமும் தொங்கிப் பார்த்ததில்லை. ஜாக்கி மேல் நிற்கும், அவ்வளவுதான்.

விமானத்தை வெயில் மழை படாமல் நிறுத்திப் பழுதுபார்க்கிற, நடுவில் தூணே இல்லாத பெரிய கூரைக் கட்டடம்தான் ஹேங்கர். பறப்பதற்குத் தயாரான விமானம் அங்கே நிற்காது. அது வெளியே டார்மாக் என்கிற திறந்த தளத்தில் நிற்கும். உள்ளே வருவது வைத்தியத்துக்கு.

சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. அங்கேயும் அது விமானத்துக்குப் பிறந்த சொல் இல்லை. விமானம் வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே ‘ஆங்கார்’ என்றால் அவர்களுக்குப் பண்ணைக் கொட்டகை. வண்டி நிற்கும், ஏர் கலப்பை கிடக்கும், வைக்கோல் அடுக்கியிருக்கும். அதற்கும் முந்தைய வேர் பழைய பிராங்கு மொழியின் ‘ஹைம்கார்ட்’ என்பது பெரும்பாலோர் கருத்து. ஹைம் என்றால் வீடு, கார்ட் என்றால் வேலி போட்ட இடம். வீட்டை ஒட்டிய அடைப்பு என்று பொருள். இன்னொரு கருத்தும் உண்டு: இடைக்கால லத்தீனில் குதிரைக்கு லாடம் அடிக்கிற கொட்டகைக்கு ‘ஆங்காரியம்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பார்கள். எதுவானாலும் மாடும் குதிரையும் வண்டியும் இருந்த இடம்தான். ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் கோச்சு வண்டி நிற்கும் கொட்டகை என்றே பொருள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றை வைக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. பண்ணையில் இருந்த சொல்லையே தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

நான் 1967-ல் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விமானப்படையில் சேர்ந்தேன். எங்கள் வட ஆற்காட்டில் பட்டாளத்துக்குப் போவது புதுசில்லை. வேலூருக்குத் தெற்கே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர். ஆனால் ஊர் அகராதியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்ற பிரிவெல்லாம் கிடையாது. எல்லாமே மிலிட்டரி. லீவில் வந்தால் ‘எத்தனை பேரைச் சுட்ட?’ என்பதுதான் முதல் கேள்வி. நான் ஏர்ஃபிரேம் ஃபிட்டர். விமானத்தின் உடம்பு, இறக்கை, சக்கரம், பிரேக்கு இவைதான் என் வேலை. தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் பஞ்சாபில் பதான்கோட். எழுத்து வேலைக்காரர்களைப் பெல்காமுக்கு அனுப்புவார்கள், எங்களைப் போன்ற மெக்கானிக்குகளைத் தாம்பரத்துக்கு. மெட்ராஸில் ராத்திரி ரயிலில் ஏறினால் விடிவதற்குள் வீடு என்பது அந்தப் பயிற்சிக் காலத்தோடு முடிந்தது. பதான்கோட் போன பிறகு மூன்று நாள் பயணம், டிரங்குப் பெட்டி, கூடவே கட்டுச்சோறு.

ஒரு லீவில் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார், உன் பிள்ளை மிலிட்டரியில் என்ன வேலைதான் பார்க்கிறான் என்று. நான் எழுதிய கடிதங்களை அம்மாவுக்குத் தம்பி படித்துக் காட்டுவான். ஹேங்கர், ஹேங்கர் என்று நான் எழுதித் தள்ளியதை அவன் ஏதோ விளக்கியிருக்கிறான். அம்மா சாவகாசமாகச் சொன்னார்: “அவன் எங்க சுடறான்? ஏரோப்ளான் கொட்டாயில கீறான்.”

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. நீலச் சட்டை, தொப்பி, தோளில் பட்டை, இதையெல்லாம் மாட்டிக்கொண்டு நான் ஊருக்குள் நடப்பது மாட்டுக் கொட்டாயில் வேலை செய்யவா? இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால், அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரன் செய்ததையே அம்மாவும் செய்திருக்கிறார். வீட்டை ஒட்டி இருந்த சொல்லை எடுத்துப் புதுப் பொருளுக்குக் கொடுத்துவிட்டார்.

கொட்டாய் என்பது கொட்டகையின் பேச்சு வடிவம். எங்கள் பக்கம் மாட்டுக் கொட்டாய், சினிமா கொட்டாய், கல்யாணத்துக்குப் போடுகிற கொட்டாய் எல்லாம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் ஊர்ப் பெயரே கொட்டாய் என்று முடியும். கொட்டில், கொட்டம் என்பவை அதே குடும்பம். தெலுங்கில் கொட்டமு, கன்னடத்தில் கொட்டிகெ, மலையாளத்தில் கொட்டில். வடமொழியில் மாடு நிற்கும் இடத்துக்கு ‘கோஷ்டம்’ என்பார்கள்; அதிலிருந்து வந்தது என்று ஒரு சாராரும், இத்தனை தென்மொழிகளில் புழங்குவதால் இது நம்முடையதே என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் ‘காட்டேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லே கொட்டகையிலிருந்து போனது என்று சிலர் கிளம்புகிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். அது ‘காட்’ என்ற பழைய ஆங்கிலக் குடிசைச் சொல்லின் வழி வந்தது.

கொட்டிலின் வயசு ரொம்பப் பெரியது. தொண்டை நாட்டைச் சுற்றிக் காட்டுகிற பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சிற்றூர் வரும். அங்கே நெடுஞ்சுவரில் வண்டி உருளையும் கலப்பையும் சாத்தி வைத்திருக்க, ‘புகைசூழ் கொட்டில்’ ஒன்று நிற்கும். சக்கரமும் கலப்பையும் சாத்திய கொட்டகை. பிரெஞ்சுப் பண்ணை ஆங்காரில் என்ன இருந்ததோ அதே சாமான்கள், அதற்கும் பல நூற்றாண்டு முன்னால். எங்கள் வட ஆற்காடும் தொண்டை மண்டலம்தான் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

புகைசூழ் என்ற சொல்லும் எங்கள் ஹேங்கருக்குப் பொருந்தும். பதான்கோட் குளிரில் டிசம்பர் காலை ஆறு மணிக்கு அந்த இரும்புக் கதவுகளைத் தண்டவாளத்தின் மேல் தள்ளித் திறக்க எட்டுப் பேர் வேண்டும். கையுறை போடாமல் தொட்டால் விரல் மரத்துப்போகும். திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று வரும். ஜெட் விமானம் குடிப்பதும் ஒரு வகை மண்ணெண்ணெய்தான். உத்தரத்தில் புறாக்கள். எத்தனை விரட்டினாலும் போகாது. விமானத்தின் மேல் எச்சம் போடும். துடைப்பது புதிதாக வந்தவன் வேலை. அப்போது எங்களிடம் இருந்தது ஹண்டர். 1957-லிருந்து நம் படையில் இருந்த பிரிட்டிஷ் விமானம். அதன் என்ஜினை எடுக்க வேண்டுமானால் வாலையே தனியாகக் கழற்றி டிராலியில் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். வால் இல்லாமல் நிற்கும் விமானத்தை முதலில் பார்த்தபோது, கன்று ஈனுகிற பசுவைப் பார்த்த மாதிரி எனக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் கருவிகளை எண்ண வேண்டும். தட்டில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தில் பெயிண்ட் அடித்திருக்கும், நிழல் மாதிரி. ஒரு நாள் என் தட்டில் ஒரு நிழலுக்கு மேல் ஸ்க்ரூடிரைவர் இல்லை. இறக்கையில் ஒரு கட்டை விரல் நீளச் சாமான் கிடந்தாலும் மேலே போனபின் கண்ட்ரோல் கம்பியில் சிக்கி விமானி செத்துப்போவான். ஆக யாரும் நகரக்கூடாது என்றார் சார்ஜென்ட். நாற்பது பேர், டார்ச் லைட்டோடு, மூடிய பலகைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கழற்றினோம். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கிடைத்தது. என் சொந்த ஓவரால் கால் மடிப்புக்குள். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு அங்கே என்ன பெயர் என்று இங்கே எழுத முடியாது.

ஹேங்கரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் சின்னச் சின்ன அறைகள் இருக்கும், ஸ்டோர், ஆபீஸ், டீ போடுகிற மூலை. அதை ‘லீன்-டூ’ என்பார்கள். அதற்கும் நம்மிடம் அச்சாகச் சொல் இருக்கிறது: சாய்ப்பு. வீட்டுக்குச் சாய்ப்பு இறக்கியிருக்கிறேன் என்று சொல்வதில்லையா, அதுவேதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் கட்சிக்கு இன்னும் பலம். 1965 செப்டம்பர் 6 சாயங்காலம் பதான்கோட்டில் வெளியே நின்றிருந்த நம் விமானங்கள் பத்து வரை பாகிஸ்தான் சேபர் விமானங்கள் வந்து சுட்டதில் எரிந்துபோயின. நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது; ஆனால் அதைப் பார்த்த மூத்தவர்கள் எங்களோடு இருந்தார்கள், அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் தளங்களில் ‘பென்’ கட்டினார்கள். கனத்த சுவர், வெளியே மண் அணைப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு விமானம். 1971 டிசம்பர் 3 மாலை மறுபடி வந்தபோது ஓடுபாதையில் குழி விழுந்தது, ராத்திரியோடு ராத்திரியாக அடைத்தார்கள். பென்னுக்குள் இருந்தவை தப்பின. இந்தப் பென்னும் எழுதுகிற பேனா இல்லை. ஆட்டை, பன்றியை அடைக்கிற அடைப்புக்கு ஆங்கிலத்தில் பென். அதாவது பட்டி. ஆக விமானப்படை முழுக்கக் கொட்டாயும் பட்டியும்தான்.

அகராதிகளில் ஹேங்கருக்கு ‘விமானக் கொட்டகை’, ‘வானூர்திக் கொட்டகை’ இரண்டும் கிடைக்கும். இரண்டும் சரி. பத்திரிகைகளில் சிலசமயம் ‘விமானப் பணிமனை’ என்று போடுகிறார்கள். பணிமனை என்றதும் எனக்குப் பஸ் டிப்போதான் நினைவுக்கு வருகிறது. ‘விமான நிறுத்தம்’ சுத்தமாகத் தப்பு, அது டார்மாக். ‘விமானக் கூடாரம்’ என்றால் துணிக் கூடாரம் ஆகிவிடும். என்னைக் கேட்டால் எழுத்தில் விமானக் கொட்டில், பேச்சில் விமானக் கொட்டாய். கொட்டில் என்றால் மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: யானை நிற்கிற இடத்துக்கும் கொட்டில்தான் பெயர். கோயில் யானைக்குப் போதும் என்றால் ஹண்டருக்குப் போதாதா? இப்போது நம் ஊர்ப் பக்கமே அரக்கோணத்தில் 1992-லிருந்து கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. அங்கே பி-8ஐ போன்ற பெரிய விமானங்களை அடைக்கிற கொட்டில்களைப் பார்த்தால் எங்களுடையது சாய்ப்பு மாதிரி இருக்கும்.

1933 ஏப்ரலில் கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்தில் நான்கு வாபிட்டி விமானங்களோடு நம் படை முதல் ஸ்குவாட்ரனை ஆரம்பித்தபோது, அதில் இருந்த 19 மெக்கானிக்குகளுக்கு ‘ஹவாய் சிப்பாய்’ என்று பெயர் வைத்தார்கள். காற்றுச் சிப்பாய்! ஏர்மேன் என்பதைவிட அது எனக்குப் பிடிக்கும். அவர்களும் எங்களைப் போலத் தரையிலேயே நின்றவர்கள்தான்.

சரி, ஃபிரேம் கடைக்கு வருகிறேன். படத்துக்குக் கீழே ஒரு வரி பெயர் போடலாம், ஐம்பது ரூபாய் கூட என்றான் பையன். ‘ஹேங்கர் முன்னால்’ என்பதை அடித்துவிட்டு, ‘விமானக் கொட்டாய் முன், பதான்கோட், 1970’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவன் தலையைச் சொறிந்தான். “கொட்டாய்னா மாட்டுக் கொட்டாய்னு நெனச்சிக்கப் போறாங்க சார்.” நினைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

மூன்று நாள் கழித்துப் போய் வாங்கி வந்தேன். நல்ல தேக்குச் சட்டம், சுத்தமான கண்ணாடி. கீழே தங்க நிற எழுத்தில், ‘விமானக் கோட்டை முன்’ என்று போட்டிருந்தான். வேலூர்ப் பையன், அவன் கைக்கு அதுதான் வரும். மாற்றித் தரச் சொல்லவில்லை, கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.